பெல் ஏர் உடுப்பில் டூ-டென்: 1957 செவர்லேயைத் தடவிப் பார்த்து வாங்குவது

பழைய அமெரிக்க கார் சந்தைகளில் வரிசையாக நிற்கும் 1957 செவர்லேக்களின் விலைச்சீட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தால், அந்த வருஷம் செவர்லே பெல் ஏர் தவிர வேறெதையும் தயாரிக்கவில்லையோ என்று சந்தேகம் வரும். உண்மையில் மூன்று வேரியன்ட்கள் இருந்தன. அடியில் ஒன்-ஃபிஃப்டி, நடுவில் டூ-டென், உச்சியில் பெல் ஏர். முதல் இரண்டும் கம்பெனியின் உள் எண்களான 1500, 2100 ஆகியவற்றைச் சுருக்கி வைத்த பெயர்கள். பேஸ் மாடலுக்குப் பெயர் யோசிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

மூன்றுக்கும் அடிச்சட்டம் ஒன்றே. இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரம் மூன்றிலும் 115 அங்குலம். கதவு, பானட், டிக்கி எல்லாம் ஒரே அச்சில் அழுத்தி எடுத்த தகடுகள். 235 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினும் 283 கன அங்குல வி8-ம் எந்த வேரியன்டிலும் கிடைத்தன. பின்சீட்டே இல்லாமல் சாமான் ஏற்றுவதற்கென்று வந்த ஒன்-ஃபிஃப்டி யுடிலிட்டி செடானின் அன்றைய விலை 1,885 டாலர். நோமாட் ஸ்டேஷன் வேகனின் விலை 2,757 டாலரில் தொடங்கியது. இடையில் உள்ள தொகையில் உடலமைப்புக்குப் போனது போக மிச்சம் துணி, கம்பளம், பளபளப்பு. இன்று சந்தையில் பெரிய பணம் கைமாறுவதும் அந்தப் பளபளப்புக்குத்தான். அதை யாரும் பார்சலில் வரவழைத்து வண்டியில் மாட்டிவிடலாம் என்பதுதான் வாங்குபவரின் தலைவலி.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 57 பெல் ஏர் என்றால் பின்பக்கவாட்டில் இரண்டு குரோம் பட்டைகளுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் வரிவரியான அலுமினியத் தகடு ஒன்று பதித்திருக்கும். முன் மட்கார்டில் தங்க நிறத்தில் மூன்று சின்னக் கோடுகள். முன் கிரில்லின் வலை தங்க நிறம், எழுத்துகளும் தங்க நிறம். வி8 என்றால் பானட்டிலும் டிக்கியிலும் இருக்கும் பெரிய ‘வி’யும் தங்கம்தான். பின்னால் எழும்பி நிற்கும் துடுப்பின் விளிம்பு முழுக்கக் குரோம் ஓடும். டூ-டென்னிலும் பக்கவாட்டுப் பட்டைகள் அதே வடிவம்தான். ஆனால் நடுவில் அலுமினியம் கிடையாது, பெயின்ட்தான். கிரில்லும் எழுத்தும் வெள்ளி நிறம். ஒன்-ஃபிஃப்டியில் அந்த நீண்ட ஆப்பு வடிவமே இல்லை. 1955-இல் மேல் வேரியன்ட்களுக்குப் போட்ட குட்டைப் பட்டையையும் சரிவுக் கம்பியையும் இதற்கு மாட்டி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு வந்த கதை.

ஆக டூ-டென்னைப் பெல் ஏர் ஆக்க வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். அலுமினியத் தகடு, தங்கக் கோடுகள், எழுத்துகள், கிரில், துடுப்புப் பட்டை எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கலிஃபோர்னியாவின் டான்சக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக 55, 56, 57 செவர்லே பாகங்களை விற்றே பெயர் வாங்கியது. பாகங்களை விடுங்கள், 57-க்கு முழு உடலையே புது எஃகுத் தகட்டில் அழுத்தி விற்கிறார்கள். ஒன்-ஃபிஃப்டியை மாற்றுவதுதான் கஷ்டம். பழைய பட்டையின் துளைகளை அடைக்க வேண்டும், புதியவற்றைப் போட வேண்டும், உள்ளே ரப்பர் பாயை எடுத்துக் கம்பளம் விரிக்க வேண்டும். செலவு கட்டாது என்பதால் அந்த வேலையில் இறங்குபவர்கள் குறைவு.

இனி எண்களுக்கு வருவோம். விற்பவரைக் கேட்டு டிரைவர் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கீல் இருக்கும் தூணில் ஒரு சிறிய எஃகுத் தகடு புள்ளி வெல்டிங்கில் பதிந்திருக்கும். அதில் ‘விசி57என்’ என்று தொடங்கினால், வி என்பது வி8, சி என்பது பெல் ஏர், 57 வருஷம், என் என்பது ஒஹாயோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலை. எஃப் என்றால் ஃபிளின்ட், டி என்றால் டாரிடவுன். ‘விபி’ என்று தொடங்கினால் டூ-டென். ‘விஏ’ என்றால் ஒன்-ஃபிஃப்டி. ஆறு சிலிண்டர் வண்டிக்கு முதலில் வி இருக்காது. வண்டியின் பக்கவாட்டில் ‘பெல் ஏர்’ என்று தங்கத்தில் மின்ன, தூணில் பி இருந்தால் அங்கேயே விலையைத் திருப்பிப் பேசலாம். தகடு வெல்டிங் இல்லாமல் திருகில் நின்றாலோ, அதைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாகத் தெரிந்தாலோ, அந்த வண்டியை விட்டு நகர்வது நல்லது. டைட்டில் பத்திரத்தில் இருக்கும் எண் இந்தத் தகட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் பதிவு அலுவலகத்தில் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

அடுத்து பானட்டைத் தூக்கினால் ஃபயர்வாலில் ஃபிஷர் பாடி தகடு. வண்டியின் உடலைச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பிரிவு என்பதால் இது அவர்கள் ஒட்டிய சீட்டு. இதில் ஸ்டைல் எண்ணைப் பாருங்கள். 57-1211 என்றால் ஒன்-ஃபிஃப்டி இரண்டு கதவு செடான். 57-1011 என்றால் அதே வடிவில் டூ-டென். 57-1011டி என்றால் பெல் ஏர். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘டி’க்குத்தான் இவ்வளவு காசு. நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப் பெல் ஏர் 1037டி, கன்வர்டிபிள் 1067டி, நோமாட் 1064டிஎஃப். கூரையை வெட்டிக் கன்வர்டிபிள் ஆக்கிய ஹார்ட்டாப்பை இந்த நான்கு இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட் எண்ணும் சீட்டுத் துணியின் எண்ணும் அதே தகட்டில் இருக்கும். உள்ளே சிவப்புத் துணி, தகட்டில் வேறு நிறத்தின் எண் என்றால் மோசடி என்று பதற வேண்டாம். அறுபது எழுபது வருஷத்தில் யாரோ ரசனைக்கு மாற்றியிருக்கலாம். விலையில் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தகடும் சொல்லாத ஒன்று உண்டு. என்ன வி8, எத்தனை குதிரைசக்தி என்பது இரண்டிலும் கிடையாது. 57-இல் ஒரே 283 இன்ஜின் சாதாரணக் கார்புரேட்டரோடு 185 குதிரைசக்தியும், ரோச்செஸ்டர் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு 283 குதிரைசக்தியும் தந்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று செவர்லே தம்பட்டம் அடித்தது இதை வைத்துத்தான். (கிரைஸ்லர் 300பி முந்தைய வருஷமே அந்த அளவைத் தாண்டியிருந்தது.) வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு முத்திரை இருக்கும், அதன் கடைசி எழுத்துகள் எந்த வகை இன்ஜின் என்று சொல்லும். ஆனால் இந்த வருஷங்களில் இன்ஜின் எண்ணுக்கும் வண்டி எண்ணுக்கும் தொடர்பு இல்லை. ஆகவே ‘நம்பர் மேட்சிங் 57’ என்று விளம்பரம் கண்டால் சிரித்துக்கொண்டே எதை எதோடு பொருத்திப் பார்த்தார் என்று கேளுங்கள். வார்ப்புத் தேதி வண்டியின் தேதிக்கு முன்னால் வருகிறதா என்பதற்கு மேல் அங்கே நிரூபிக்க ஒன்றுமில்லை.

என் கைப்பழக்கம் ஒன்று உண்டு. டிக்கியைத் திறந்து, அட்டையை விலக்கி, டார்ச்சோடு பின்பக்கவாட்டின் உட்புறத்தைப் பார்ப்பேன். குரோம் பட்டையைப் பிடிக்கும் கிளிப்புகளுக்கான துளைகள் அங்கே தெரியும். தொழிற்சாலையில் அச்சில் குத்திய துளை ஒரே அளவில், ஓரம் சுத்தமாக இருக்கும். பின்னால் டிரில் போட்டதில் பிசிறு இருக்கும், வரிசையும் லேசாகத் தள்ளாடும். பக்கத்தில் வெல்டிங்கில் அடைத்த பழைய துளையின் தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த வண்டி வேறு ஏதோவாகப் பிறந்தது. வெளியே எவ்வளவு நல்ல டிங்கரிங் செய்திருந்தாலும் உட்புறத்தை யாரும் தேய்ப்பதில்லை. கையோடு ஒரு சின்னக் காந்தமும் எடுத்துப் போங்கள். 57-இல் ஹெட்லைட்டுக்கு மேல் காற்று உள்ளே போக வழி வைத்தார்கள்; தண்ணீரும் அழுக்கும் அங்கே தேங்கி அந்தப் புருவம் துருவேறும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அடியில் பட்டிதான். தரைத்தகடு, கதவடிச் சட்டம், டிக்கியின் தரை, முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ்ப்பகுதி இவையும் துருவின் வழக்கமான இடங்கள். பெல் ஏர் ஆனாலும் ஒன்-ஃபிஃப்டி ஆனாலும் துரு ஒரே மாதிரிதான் பிடிக்கும்.

ஓட்டிப் பார்த்தால் வேரியன்ட் பேச்செல்லாம் காற்றில் போய்விடுகிறது. ஆறு சிலிண்டரும் ஸ்டீயரிங் தண்டில் மூன்று கியரும் கொண்ட ஒரு டூ-டென், வி8-ம் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்கும் கொண்ட ஒரு பெல் ஏர் ஹார்ட்டாப் என இரண்டையும் ஓட்டினேன். ஸ்டீயரிங் வட்டம் பெரியது. பவர் ஸ்டீயரிங் இல்லாத டூ-டென்னைத் திருப்பத்தில் ஒடிக்கச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒழுகினால் நான்கும் போச்சு. இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டராக மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அசல் பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வண்டியைக் கண்காட்சிக்கு லாரியில் கொண்டுபோகட்டும். வைப்பர் இன்ஜினின் வெற்றிடத்தில் ஓடும் வகை என்பதால் மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மழையிலேயே தூங்கிவிடும். ஹை பீமுக்கு இடது காலடியில் சுவிட்ச். அதற்குப் பழகிவிட்டால் கை சும்மா இருக்கும். இதை ஏன் கைவிட்டார்கள் என்றுகூடத் தோன்றியது.

பெல் ஏரின் கம்பளம் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்குகிறது. டேஷ்போர்டில் மின்கடிகாரம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆறு சிலிண்டர் சோம்பல்தான், ஆனால் நகரத்துக்குள் இதமாக இழுக்கும். வி8-இன் சுகம் வேறு. எட் கோல் தலைமையில் 1955-க்கு வடிவமைத்த அந்தச் சின்ன பிளாக் இன்ஜினின் வம்சம் பல பத்தாண்டுகள் நீடித்ததில் ஆச்சரியமில்லை. அந்த வருஷம் புதிதாக வந்த டர்போகிளைடு ஆட்டோமேட்டிக் பூட்டிய வண்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வழுக்கிக்கொண்டு போவது அழகுதான், பழுது பார்க்கத் தெரிந்த கை கிடைப்பது அரிது.

விலையை வேரியன்டைவிட உடலமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கன்வர்டிபிளும் நோமாடும் முதலில், பிறகு ஹார்ட்டாப், பிறகு இரண்டு கதவு செடான், கடைசியில் நான்கு கதவு. கன்வர்டிபிளும் நோமாடும் பெல் ஏரில் மட்டுமே வந்தன. அசலான நான்கு கதவு பெல் ஏர் செடானை, ஒழுங்கான டூ-டென் ஹார்ட்டாப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்க முடியும். குடும்பத்தோடு போகிறவருக்கு அது அதிர்ஷ்டம். சேகரிப்பாளர்கள் கதவு எண்ணுகிறார்கள், நாம் ஆள் எண்ணலாம்.

பெல் ஏர் என்ற பெயரின் மதிப்பும் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. 1958-இல் இம்பாலா வந்தது; முதலில் பெல் ஏருக்குள்ளேயே உச்ச வகையாக. 1959-இல் இம்பாலா தனி வரிசையாகி மேலே போக, பெல் ஏர் நடுவுக்கு வந்தது, பிஸ்கெய்ன் அடிக்குப் போனது. 1965-இல் இம்பாலாவுக்கும் மேலே கேப்ரிஸ் ஏறியது. ஆகையால் 1957 பெல் ஏர் வேறு, 1962 பெல் ஏர் வேறு. நம்மூரில் இம்பாலா தெரிந்த அளவுக்கு 57 தெரியாததற்கும் காரணம் உண்டு: பம்பாய் சிவ்ரியில் செவர்லே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-லேயே அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டது.

இந்த 57 வித்தை மற்ற வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. 1966 முதல் 68 வரையிலான செவர்லே செவெல் எஸ்எஸ் 396-க்கு வண்டி எண் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டதால் எண் வாய் திறக்காது. 1964 போன்டியாக் ஜிடிஓவும் லெமான்ஸின் மேல் வாங்கிய ஆப்ஷன்தான். ஆனால் போன்டியாக் 1961 முதலான தயாரிப்புப் பதிவுகளை நகல் எடுத்து விற்கும் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த செவர்லேக்கு அந்த வசதி இல்லை. தகடும் துளையும்தான் சாட்சி.

என் காசு என்றால் வி8 பூட்டிய டூ-டென் இரண்டு கதவு செடானுக்குப் போகும். எண் சரியாக, துரு குறைவாக, பெயின்ட் சுமாராக இருந்தால் போதும். ஒன்-ஃபிஃப்டி எனக்குப் பிடிக்கும், ஆனால் விலை விசித்திரமாகிவிட்டது. 57-இல் செவர்லே அந்த மலிவு செடானில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பூட்டி நாஸ்கார் பந்தயத்துக்கு ‘பிளாக் விடோ’ என்ற வண்டிகளைத் தயாரிக்க வைத்தது. எடை குறைவு என்பதுதான் காரணம். அதன் பிறகு கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்த ஒன்-ஃபிஃப்டி ஒவ்வொன்றும் அந்தக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது.

மாற்றிக் கட்டிய பெல் ஏரை அடியோடு ஒதுக்கச் சொல்லமாட்டேன். ‘உடம்பு டூ-டென், உடுப்பு பெல் ஏர்’ என்று விற்பவரே முதலில் சொல்லி, தூணில் உள்ள எண்ணையும் தானே காட்டினால் உட்கார்ந்து பேசலாம். டூ-டென் விலையோடு தகடு, எழுத்து, கிரில் ஆகியவற்றின் கடை விலையைக் கூட்டுங்கள், மாட்டிய கூலியில் பாதியைச் சேருங்கள். அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் பக்கத்து வண்டிக்குப் போய்விடலாம்.