எதிர்த்தரப்பு நாற்காலி: ‘ஜெய் பீம்’ படமும் ஓசூரின் வாடகை வீடுகளும்

2021 நவம்பரில் வெளியான த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ பற்றி எழுதப்பட்டதை எல்லாம் அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். லாக்கப் சித்திரவதை, சாதி, இருளர்களின் சித்தரிப்பு, லிஜோமோல் ஜோஸின் நடிப்பு என்று பல கோணங்களில் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத ஒரு பாத்திரம் உண்டு. ராவ் ரமேஷ் நடித்த அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். செங்கேணியின் ஆட்கொணர்வு மனுவுக்கு எதிராக, காவல்துறையைக் காப்பாற்ற அவர் வருகிறார். அவர் நீதிமன்றத்துக்குள் நுழையும்போதே இவர் எதிர்த்தரப்பு என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அதை விளக்க இயக்குநர் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இடறுவது அங்கேதான். ஏன் அது அவ்வளவு சுலபமாகப் புரிந்தது? மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஒரு வக்கீல், புருஷனைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு எதிராக வாதாடுவதை நாம் ஏன் இயல்பாக எடுத்துக்கொண்டோம்? அரசாங்க வக்கீல்னா அரசாங்கத்தைக் காப்பாத்துறவர், ஜனங்களுக்கு வேணும்னா அவங்களே ஒரு சந்துருவைத் தேடிக்கணும் என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் படம் வருவதற்கு முன்பே இருந்தது. படம் அதைக் கேள்வி கேட்கவில்லை. அதன் மேல்தான் தன் நாயகனைக் கட்டியிருக்கிறது.

*

படம் செய்வதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தமிழ் சினிமாவின் பெரும்பாலான நீதிமன்றக் காட்சிகளில் வசனம்தான் ஜெயிக்கும். இங்கே ஆதாரம் ஜெயிக்கிறது. போலீஸ் சொன்ன நேரமும் தொலைபேசி அழைப்பு வந்த இடமும் பொருந்தவில்லை என்று படிப்படியாகக் காட்டும் பகுதிகள், ஒரு பிழையைத் தேடிப்போகும் பொறுமையோடு எடுக்கப்பட்டவை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தனி சந்தோஷம். ஜீப்பில் ஏற மறுத்து செங்கேணி முன்னே நடக்க, போலீஸ் வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரும் காட்சியை மறக்க முடியாது.

ஆனால் அத்தனையும் ஒரு ஆளின் தோளில் இருக்கிறது. துணைக்கு ஆட்கள் உண்டு. கற்றுக்கொடுக்க வந்த மைத்ரா டீச்சர் இருக்கிறார், செங்கொடி பிடித்த தோழர்கள் இருக்கிறார்கள், நேர்மையான ஐ.ஜி. ஒருவரும் இருக்கிறார். ஆனாலும் முடிச்சுகளை அவிழ்ப்பவர் சந்துருதான். அவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தால் செங்கேணிக்கு நியாயம் இல்லை. மென்பொருளில் இப்படி ஒரே ஒரு கண்ணியை நம்பி நிற்கும் அமைப்பை யாராவது வரைந்து கொண்டுவந்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவோம். சினிமாவில் அதற்குக் கைதட்டுகிறோம்.

நிஜ வாழ்க்கை அப்படி இல்லை. 1993இல், இன்றைய கடலூர் மாவட்டத்தில், கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த அந்தக் கொடுமையை எதிர்த்துப் போராடிய பார்வதிக்குப் பக்கத்தில் உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள் வருடக்கணக்கில் நின்றார்கள். வழக்கறிஞர் சந்துருவும் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. ‘நானும் நீதிபதி ஆனேன்’ என்ற தன் வரலாற்று நூலின் ஆசிரியரான அவர், மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர். தொழிலாளர் வழக்குகளுக்குப் பேர்போன ‘ராவ் அண்ட் ரெட்டி’ அலுவலகத்தில் வேலை பழகியவர். அந்தப் பெயரில் இருக்கும் வி.ஜி. ராவ், சங்கம் வைக்கும் உரிமைக்காகச் சென்னை மாகாண அரசோடு மோதி 1952இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர். அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆக, ஒரு சந்துரு உருவாக ஒரு அலுவலகம், அந்த அலுவலகத்துக்கு வழக்கு கொண்டுவரும் தொழிற்சங்கங்கள், ஒரு கட்சி, அதற்கெல்லாம் பின்னால் நாற்பது வருடப் பழக்கம் எல்லாம் தேவைப்பட்டது. திரையில் அதில் பெரும்பகுதி சுவரில் மாட்டிய படங்களாகவும் கொடிகளாகவும் சுருங்கிவிட்டது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். இதற்குப் பதில் எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

*

நான் பாரூர்க்காரன். பெரிய ஏரிதான் எங்கள் ஊரின் அடையாளம். போச்சம்பள்ளி சிப்காட் பக்கத்தில்தான். 2021இல் அங்கே மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தபோது, முழுக்கப் பெண்களே நடத்தப்போகிற ஆலை என்று அறிவித்தார்கள். ஓசூர் சிப்காட் 1970களிலிருந்து இருக்கிறது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று வளர்ந்து, இப்போது கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் வரை வந்துவிட்டது. எங்கள் கிராமத்துப் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் ஓசூரில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறோம்.

இங்கே நடக்கும் அநியாயம் ‘ஜெய் பீம்’ அளவுக்குப் பெரியது இல்லை. சில்லறைச் சில்லறையாக நடப்பது. வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். என்னிடம் ஒரு முறை 18,000 ரூபாய் பிடித்தார்கள். “முடிஞ்சா கேஸ் போட்டுக்கங்க சார்” என்று சொன்னவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்குக் கணக்கு தெரிந்திருந்தது. வக்கீல் ஃபீஸ், லீவு, அலைச்சல் எல்லாம் கூட்டினால் எனக்கு நஷ்டம்தான். இதே கணக்கு ஆயிரம் வீடுகளில் ஓடினால், போகும் தொகை கோடியைத் தாண்டும். ஆனால் வழக்கு ஒன்றுகூட வராது. எந்தச் சந்துருவும் இதற்கு வரமாட்டார்; வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் அந்த மூன்று மாத வரம்புக்கு முன்னால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலொழிய என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுவது யார்? வீட்டுக்காரர்தான்.

இன்னொரு வாசல் இதைவிடப் பெரியது. ஒரு நிறுவனம் தனக்குச் சொந்தமான இடத்தை வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தால், அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அதாவது கம்பெனி விடுதியில் இருக்கும் பெண், வாடகைச் சட்டத்தின் கண்ணில் குடியிருப்பவள் இல்லை, தொழிலாளி. ஆலை வாசலுக்கு வெளியே, தொழிலாளர் சட்டத்துக்கு அவள் அறையைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போகும். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அவள் தூங்குகிறாள்.

எல்லை இதை மேலும் சிக்கலாக்குகிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டுச் சட்டம் திருத்தியது. ஏப்ரல் 21இல் தமிழ்நாடும் அதே மாதிரி ஒரு மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆக ஜூஜூவாடி தாண்டினால் ஒரு நியாயம், தாண்டாவிட்டால் இன்னொன்று. ஓசூரில் தூங்கி பொம்மசந்திராவில் வேலை செய்பவரின் வீட்டை ஒரு அரசாங்கம் பார்க்கிறது, வேலையை இன்னொரு அரசாங்கம் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு வாழ்க்கையாகப் பார்க்கக்கூடிய ஒரே அமைப்பு, அவர் குடியிருக்கும் நகரம்தான்.

அந்த நகரத்துக்கு என்ன அதிகாரம்? 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. அதே திருத்தம், தொழில் நிறுவனமே வசதிகளைச் செய்துதரும் பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து, தேர்தலே இல்லாமல் விடவும் இடம் கொடுத்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. அப்போது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2016இல் நின்றுபோன நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. கவுன்சிலரே இல்லாமல் ஒரு ஊருக்கு மாநகராட்சி என்று போர்டு மாட்ட முடிந்திருக்கிறது. மாநகராட்சிகளுக்கு வக்கீல்கள் உண்டு. சொத்து வரி, ஆக்கிரமிப்பு, டெண்டர் என்று யாராவது மாநகராட்சி மேல் கேஸ் போட்டால் பதில் மனு தாக்கல் செய்வார்கள். குடிமக்களுக்காக அவர்கள் கேஸ் போட்டு நாம் கேள்விப்பட்டதில்லை. ஜனங்கள்தான் நகரத்தின் மேல் கேஸ் போட வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் ஊர்க்காரர்கள் சாக்கடைக்காக நகராட்சி மேல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும், 1980இல் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியதும் அப்படித்தான்.

*

இதற்கு நேர்மாறான ஒரு நாற்காலி சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அங்கே நகர வழக்கறிஞரை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் நியாயமற்ற வணிகச் சட்டத்தின்படி, பெரிய நகரங்களின் வழக்கறிஞர்கள் மாநில மக்களின் பெயரிலேயே வழக்குத் தொடரலாம். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவராக வரவேண்டியதில்லை. 2021 வரை அந்தப் பொறுப்பில் இருந்த டென்னிஸ் ஹெரேரா, பழைய வாடகைதாரர்களைத் துரத்தியதாக நகரத்தின் மிகப் பெரிய வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் மேல் 2006இல் வழக்குப் போட்டார். 2020 மே மாதம், ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாக ஏற்க மறுப்பதாக ஊபர், லிஃப்ட் நிறுவனங்கள் மேல் மாநில அட்டர்னி ஜெனரலோடும் வேறு இரண்டு நகரங்களின் வழக்கறிஞர்களோடும் சேர்ந்து போட்டார். 2017 ஜனவரியில், குடியேறிகளைப் பிடித்துக்கொடுக்காத நகரங்களுக்கு நிதி கிடையாது என்று டிரம்ப் ஆணையிட்டபோது, ஒரு வாரத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போனார். வாடகைதாரர், தொழிலாளி, உள்ளாட்சி ஆகிய மூன்றையும் ஒரே அலுவலகம் பார்த்தது. அங்கே வேலை செய்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஹெரேரா போனார், டேவிட் சியூ வந்தார், ஃபைல்கள் தொடர்ந்து நகர்ந்தன.

இதைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. ஊபர் வழக்கில் நகரங்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு வந்தது. நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. அதே நகர வழக்கறிஞர் அலுவலகம்தான், தெருவில் கூடாரம் போட்டுத் தூங்குபவர்கள் தொடுத்த வழக்கில் அவர்களுக்கு எதிராக நகரத்துக்காக வாதாடியது.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று அவர்கள் கேட்டது மாநகராட்சியிடம்தான். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே ஒரு நகர வழக்கறிஞர் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்? நகரத்தைக் காப்பாற்றும் வக்கீலும் நகர மக்களுக்காகக் கேஸ் போடும் வக்கீலும் ஒரே ஆளாக இருந்தால், நெருக்கடி வரும்போது முதல் வேலைதான் ஜெயிக்கும். எனவே இங்கே அப்படி ஒரு பதவி வந்தால் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று கமிஷனரிடம், இன்னொன்று மாமன்றத்திடம். அதிலும் கவுன்சிலர்களில் பாதிப் பேர் வீட்டுச் சொந்தக்காரர்களாக இருந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஓட்டுப்போட்டு மாற்றக்கூடிய சந்தேகம். ஒரு நல்ல வக்கீல் நம் வழக்கை எடுப்பாரா என்ற காத்திருப்பில் நம் கையில் எதுவுமே இல்லை.

*

இது இறக்குமதிச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லை, அல்லது அவர்களைப் பாதிக்கும் வேறு தவறான செயல் இருந்தால், அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடரலாம் என்கிறது. அல்லது நீதிமன்றத்தின் அனுமதியோடு இரண்டு பேர் சேர்ந்து தொடரலாம். அவர்களுக்குத் தனிப்பட்ட நஷ்டம் இருக்க வேண்டியதுகூட இல்லை. ராவ் ரமேஷ் உட்கார்ந்த அந்த நாற்காலிக்கு மக்கள் பக்கம் திரும்பும் அதிகாரம் நூறு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. தொழிற்சங்கத்துக்காரர்களோடு பழகிய, கம்யூனிஸ்டாக இருந்த மோகன் குமாரமங்கலம் 1966இல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த 91ஆவது பிரிவின் வரிசையில் உள்ளாட்சி மன்றத்தையும் சேர்ப்பது ஒரு வரித் திருத்தம். வாடகைச் சட்டத்தில் கம்பெனி விடுதிகளுக்குக் கொடுத்த விலக்கை எடுப்பது இன்னொரு வரி.

‘ஜெய் பீம்’ இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆட்கொணர்வு மனு என்பது காணாமல் போன ஒரு உடலைப் பற்றியது. அதற்கு ஒரு நாயகன் பொருந்துகிறான். ஆயிரம் பேரின் அட்வான்ஸுக்கும் ஒரு ஹாஸ்டல் படுக்கைக்கும் நாயகன் பொருந்தமாட்டான். கதையை நோட்டீஸ், பதிவேடு, ஆறாவது வாய்தா, மாற்றலாகிப்போன அதிகாரி என்று நகர்த்த வேண்டும். அதைச் சுவாரசியமாகச் சொல்ல நம் சினிமாவும் இலக்கியமும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தொலைபேசிப் பதிவுகளை வைத்து அவ்வளவு பரபரப்பை உண்டாக்கத் தெரிந்த ஞானவேலுக்கு அது முடியாத வேலை இல்லை என்றே நினைக்கிறேன்.

2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓசூர் மாமன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. 45 வார்டுகளிலும் ஓட்டுக் கேட்டு வருவார்கள். ரோடு, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் கேட்டு முடித்த பிறகு, வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: “எங்க அட்வான்ஸுக்காக மாநகராட்சி கேஸ் போடுமாங்க?” வந்தவருக்கு முதலில் கேள்வியே புரியாது. அதனால் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும்.