பல்லுக்குள் நுழையும் காந்தத் திருகாணி

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, சொத்தைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு அதே பல் மறுபடி வலித்தால் பஸ் காசும் போச்சு, கூலியும் போச்சு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழு உருவாக்கிய காந்த நானோ ரோபோவை இந்த மனிதரை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேர் சிகிச்சையில் பல்லுக்குள் இருக்கும் அழுகிய கூழை எடுத்து, மருந்தால் கழுவி அடைக்கிறார்கள். ஆனால் பல்லின் உட்சுவரில் ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே உள்ள எண்ணற்ற நுண்குழாய்கள் உண்டு. என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் போன்ற கிருமி அவற்றில் பதுங்கிக்கொண்டு பிறகு தலைதூக்கும். 2022இல் வெளியான கோஷ் குழுவின் ஆய்வில், இரும்பு பூசிய சிலிக்காத் திருகாணி வடிவ ரோபோக்களைச் சுழலும் காந்தப்புலத்தால் அந்தக் குழாய்களுக்குள் செலுத்தினார்கள். அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கழுவினால் சுமார் 800 மைக்ரான் ஆழம்தான் எட்டும். இவை 2,000 மைக்ரான்வரை போயின. போன இடத்தில் காந்தப்புலத்தை மாற்றிச் சூடேற்றியே கிருமியைக் கொல்லவும் முடிந்தது.

திருகாணி வடிவம் அழகுக்காக அல்ல. இவ்வளவு சிறிய பொருளுக்குத் தண்ணீரே கல்வராயன் மலைத்தேன்போலக் கெட்டியாகிவிடும். துடுப்பை முன்னும் பின்னும் அசைத்தால் போன தூரமெல்லாம் திரும்பிவிடும் என்று இயற்பியலாளர் பர்செல் 1977இலேயே காட்டினார். திருகினால் நகரலாம். கோஷும் ஆய்வாளர் பீர் ஃபிஷரும் 2009இல் இதைச் செய்து காட்டினார்கள். 2014இல் கோஷ் குழு, ஃபெரைட் என்ற காந்தப்பொருளின் பூச்சு கொடுத்து மனித ரத்தத்திலேயே ஓட்டியது. இழுக்காமல் சுழற்றுவதால் மெல்லிய காந்தப்புலமே போதும் என்பது இதன் பெரும் பலம்.

ஆனால் ஆய்வகக் கண்ணாடியில் இருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வேறு, ஓடும் ரத்தம் வேறு. அங்கே ரத்த ஓட்டமே ரோபோவை அடித்துக்கொண்டு போகும். உடலின் எதிர்ப்புச் செல்கள் விழுங்கப் பார்க்கும். ஆழத்தில் இருக்கும் இத்தனை சிறிய பொருளை எந்த ஸ்கேனிலும் தெளிவாகப் பின்தொடர்வது கடினம். கருவியிலிருந்து தள்ளிப் போகப் போகக் காந்தப்புலமும் வேகமாகக் குறையும். வேலை முடிந்த இரும்பையும் சிலிக்காவையும் எப்படி வெளியேற்றுவது? புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து சுமந்து செல்லும் படகு என்று இதைக் கொண்டாடும் செய்திகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. நோயாளியின் நம்பிக்கையோடு விளையாடும் விஷயம் இது. எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் பல்லைத் தேர்ந்தெடுத்ததை இந்தக் குழுவின் மிகச் சரியான முடிவு என்பேன். பல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. காந்தத்தைப் பக்கத்திலேயே வைக்கலாம். ரோபோக்களைத் திரும்ப வெளியே இழுக்கவும் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். இதற்காகத் தொடங்கப்பட்ட தெரானாட்டிலஸ் நிறுவனம் பல் கூச்சத்தையும் கையில் எடுத்திருக்கிறது.

பிடுங்கிய பல்லிலும் எலியிலும் கிடைத்த வெற்றி ஏழை நோயாளிவரை வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது. மனிதர்களிடம் சோதிக்கும்போது பெருநகரத் தனியார் கிளினிக்கோடு நின்றுவிடாமல், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி மலையிறங்க வேண்டிய நோயாளிகள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதையும் அந்தச் சோதனையில் கணக்கிடுங்கள்.