ஸ்டுடியோ வாசலில் சாந்தா ஆப்தே

1939 ஜூலையில் புனேயின் பிரபாத் ஸ்டுடியோ வாசலில் ஒரு நடிகை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஊதியமும் ஒப்பந்தமும் தொடர்பான தகராறு. அவர் அந்த நிறுவனத்துக்கு அந்நியர் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் எடுத்து, நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு படத்தின் நாயகி. படம் மராத்தியில் 'குங்கு', இந்தியில் 'துனியா நா மானே'. நடிகை சாந்தா ஆப்தே.

நான் படித்த சினிமா நினைவுக் குறிப்புகளில் இந்த உண்ணாவிரதம் பெரும்பாலும் ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் வருகிறது. பிடிவாதக்காரி, முன்கோபி, யாருக்கும் அடங்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்லும்போது சான்றுக்கு எடுத்துக் காட்டும் சம்பவங்களில் ஒன்று. ஆனால் 'குங்கு'வின் நாயகி நீரா செய்வதும் அதேதான். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் முடியாது என்கிறாள். திரையில் அது சமூக சீர்திருத்தம். வாசலில் அது குணக்கேடு. இந்த இரண்டு மறுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நாராயண் ஹரி ஆப்தே எழுதிய மராத்தி நாவலைத் தழுவி வி. சாந்தாராம் 1937இல் இயக்கியது. வளர்த்த மாமன் ஏமாற்றி நீராவை ஒரு கிழவருக்குக் கட்டிவைத்துவிடுகிறார். கிழவர் வக்கீல், மனைவியை இழந்தவர், நீராவை விட மூத்த பிள்ளைகள் அவருக்கு உண்டு. நீரா தப்பி ஓடவில்லை, கிணற்றில் குதிக்கவில்லை. அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, உங்களுக்கு நான் மனைவி இல்லை என்று மறுக்கிறாள். கிழவரைத் தன்னைத் தொட விடுவதில்லை. கைநீட்டப் பார்க்கும் கிழவரின் மகனைப் பிரம்பால் விளாசுகிறாள். வீட்டில் அவளுக்குத் துணை கிழவரின் விதவை மகள் மட்டும்தான். அந்த வேடத்தில் நடித்தவர் சகுந்தலா பராஞ்சபே. கேம்பிரிட்ஜில் படித்தவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர், பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினர். அந்த இரு பெண்களும் ஒன்றாக வரும் காட்சிகள் படத்தின் மிகச் செறிவான இடங்கள் என்பேன்.

படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. பாட்டு உண்டு, ஆனால் வசனத்துக்கு அடியில் ஓடி நம் உணர்ச்சியை முன்கூட்டியே தீர்மானிக்கும் வாத்தியங்கள் இல்லை. கடிகாரத்தின் ஓசை கேட்கிறது, வீட்டுச் சத்தங்கள் கேட்கின்றன. இதனால் யாருக்கு லாபம் என்றால் சாந்தா ஆப்தேவுக்குத்தான். மௌனமாக முறைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்து, பாவம் அழப்போகிறாள் என்று நாம் இரக்கப்பட அங்கே வயலின் இல்லை. அந்த முகத்தை நாமேதான் எதிர்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் லாங்ஃபெலோவின் ஆங்கிலக் கவிதை ஒன்றையும் பாடுகிறார். 1937இல், ஏமாற்றி மணம் முடிக்கப்பட்ட ஓர் இந்து மருமகளின் வாயில் ஆங்கிலக் கவிதை! அபத்தமாக இருந்திருக்க வேண்டியது அபத்தமாக இல்லை. படித்த பெண்ணின் தனிமை அதில் தொனிக்கிறது.

பாடும் விதத்திலும் அவர் புதிது. பின்னணிப் பாட்டு பரவலாவதற்கு முந்தைய ஆண்டுகளில் நடிகர்கள் கேமரா முன் அசையாமல் நின்று கச்சேரி செய்வார்கள். தமிழ்ப் படங்களில் நாம் நன்றாகவே பார்த்த காட்சி. ஆப்தே பண்டரிபுரத்தில் முறையாகச் சங்கீதம் கற்றவர். ஆனாலும் கச்சேரி மேடையைத் திரைக்குக் கொண்டுவரவில்லை. பாடும்போது கண் அசையும், கை அசையும், பேச்சின் தொடர்ச்சியாகவே பாட்டு வரும். திரைப்பட வரலாற்றாசிரியர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள். 'அம்ரித் மந்தன்' (1934), 'அமர் ஜோதி' (1936) ஆகிய இரண்டும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்கள். ஆனால் அந்த உடல்மொழி முழுதாகப் பயன்பட்டது 'குங்கு'வில்தான்.

இனி படத்தோடு எனக்குள்ள பிணக்கு. கிழவர் மனம் மாறுகிறார். தன் முதுமையையும் தான் செய்த அநியாயத்தையும் உணர்கிறார். நீராவை விடுவிக்கத் தற்கொலை செய்துகொள்கிறார். அவள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு. கேசவராவ் தாத்தேவின் நடிப்பு அற்புதமானது, அதுதான் சிக்கலும். கடைசி அரைமணி நேரத்தில் படம் அவருடையதாகிவிடுகிறது. முதுகலை மாணவிகளுக்கு ஒருமுறை இதைத் திரையிட்டேன். முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அவ முடியாதுன்னு சொன்னதுக்கு இவர் எதுக்கு மேடம் சாகணும்? அப்பறம் அவ வாழ்நாள் முழுக்க அந்தப் பழியையும் சேர்த்துல்ல சுமக்கணும்?" எந்த விமர்சன நூலிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. பெண்ணின் மறுப்புக்கு விடுதலை தரும் அதிகாரத்தைப் படம் கொடுக்கவில்லை. ஆணின் பெருந்தன்மைக்குக் கொடுக்கிறது.

இதே மராட்டிய மண்ணில் அரை நூற்றாண்டு முன்பு, சிறுவயதில் தனக்குக் கட்டிவைக்கப்பட்டவனோடு வாழ மாட்டேன் என்று ரக்மாபாய் நீதிமன்றம் ஏறியவர். 1887இல், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தபோது சிறைக்குப் போகத் தயார் என்றவர். அதன் பின்பும் வாழ்ந்து மருத்துவரானவர். யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்து உதாரணம், கல்கியின் கதையை கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாக பூமி'. சாந்தா ஆப்தே வாசலில் உட்கார்ந்த அதே 1939இல் வந்தது. சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடும் கணவனிடம், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள் அதன் நாயகி. அவளும் கடைசியில் தேசப் போராட்டத்தில்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. தனக்காக மட்டும் மறுத்த பெண்ணை எங்கே நிறுத்துவது என்று அந்தக் காலத்துச் சினிமாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கணவனுக்கு ஜீவனாம்சம் என்ற அந்தக் குறும்பு 'குங்கு'வில் இல்லை.

சினிமாவுக்குத் தெரியாதது சாந்தா ஆப்தேவுக்குத் தெரிந்திருந்தது. மறுத்த பின் என்ன செய்வது? வாசலில் உட்காருவது.

அந்தக் காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1939 மார்ச்சில்தான் காந்தி ராஜ்கோட்டில் உண்ணாவிரதம் இருந்து நாட்டையே கலங்க வைத்தார். அதற்கு முந்தைய நவம்பரில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் தொழில் தகராறுச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். உண்ணாவிரதமும் வேலைநிறுத்தமும் அன்றைய பொதுமொழி. ஆப்தே அந்த மொழியைத்தான் பேசினார். ஆனால் பேசியவர் நடிகை. நடிகை என்றால் நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு என்ன உழைப்பு, என்ன கூலி? காந்தி பட்டினி கிடந்தால் அது அறம், ஆலைத் தொழிலாளி கிடந்தால் போராட்டம், நடிகை கிடந்தால் நாடகம்.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் சுற்றிவருகிறது. தன்னைப் பற்றிக் கேவலமாக எழுதிய 'ஃபிலிம் இந்தியா' ஆசிரியர் பாபுராவ் படேலின் அலுவலகத்துக்கே பிரம்போடு போய் அடித்தார் என்று. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையின் அமைப்பைப் பாருங்கள்: நீராவின் கையிலிருந்த பிரம்பு அப்படியே நடிகையின் கைக்கு வந்துவிட்டது. திரைப்பாத்திரத்தை எடுத்து நடிகையின் மேல் போர்த்துவது ரசிகர்களுக்குப் பிடித்த விளையாட்டு. பிரம்புக் கதை எல்லோருக்கும் தெரிகிறது. அவர் எழுதிய புத்தகம் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆம், எழுதினார். உண்ணாவிரதத்துக்கு அடுத்த ஆண்டு, 1940இல், மராத்தியில். தலைப்பு 'ஜாவ் மீ சினிமாத்?' - 'சினிமாவுக்குப் போகட்டுமா நான்?' நட்சத்திரத்தின் சுயசரிதை என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சினிமா ஆசையோடு வரும் இளையவர்களுக்கு ஸ்டுடியோ என்பது எப்படிப்பட்ட வேலையிடம் என்று சொல்லும் புத்தகம் அது. முதலாளி யார், உழைப்பவர் யார், கேமராவும் விளக்குகளும் ஒலிக்கருவியும் நிறைந்த அந்த ஆலையில் மனித உடல் என்ன ஆகிறது என்பதுதான் அதன் அக்கறை. திரைப்பட ஆய்வாளர் தெபஸ்ரீ முகர்ஜி இதைச் சோர்வு பற்றிய ஒரு கோட்பாடாகவே படிக்கிறார். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. நடிகையின் உடலைப் பற்றி எழுதப்பட்டவை மலையளவு இருக்கும்: அழகு, கவர்ச்சி, ஒழுக்கம், முதுமை. அந்த உடல் களைத்துப்போகும் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? அதை ஒரு நடிகையே, இருபதுகளில் இருக்கும்போதே எழுதியிருக்கிறார்.

அவரால் வாசலில் உட்கார முடிந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நாமும் நட்சத்திர வழிபாடு செய்தவர்களாவோம். ஆப்தே என்பது சித்பாவன் பிராமணக் குடும்பப் பெயர். 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' சினிமாவுக்கு வந்தால்தான் சினிமா சுத்தமாகும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். அதன் மறுபக்கம், அதுவரை பாடியும் ஆடியும் அந்தத் துறையைத் தாங்கிய தாசிகுல, தவாயிஃப் மரபுப் பெண்களை வெளியே தள்ளுவது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் திருவனந்தபுரத்தில், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்த குற்றத்துக்காகத் தலித் பெண்ணான பி.கே. ரோஸி கல்லடி பட்டு ஊரை விட்டே ஓடினார். ரோஸிக்குத் திரையரங்குக்குள்ளேயே இடமில்லை, அவர் எந்த வாசலில் உட்காருவது? இதனால் ஆப்தேயின் துணிச்சல் குறைந்துவிடாது. அது எந்தத் தரையில் கால் ஊன்றி நின்றது என்பது தெரியும்.

அவர் தமிழுக்கும் வந்தார். 1941இல் ஒய்.வி. ராவ் இயக்கிய 'சாவித்திரி'யில் அவர்தான் சாவித்திரி. தமிழ் கற்றுக்கொண்டு தன் வசனத்தைத் தானே பேசினார். இன்று ஒரு மொழியும் தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் கதாநாயகிகளைக் குறை சொல்கிறோமே, அவர்களை அப்படி வைத்திருப்பது யார் என்று கேட்பதற்கும் இந்தத் தகவல் உதவும். ஆனால் அந்தப் படத்தை நம் சினிமா வரலாறு எதற்காக நினைவில் வைத்திருக்கிறது? எம்.எஸ். சுப்புலட்சுமி ஆண்வேடத்தில் நாரதராக நடித்ததற்காக. அந்த வருமானம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியதற்காக. இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். தலைப்புப் பாத்திரத்தில் நடித்தவர் மட்டும் ஓரமாகப் போய்விட்டார்.

அதில் ஒரு முரணும் இருக்கிறது. நீராவாகப் பெயர் வாங்கியவர் நம்மிடம் வந்தது சாவித்திரியாக, எமனோடு வாதாடிக் கணவனை மீட்கும் பதிவிரதையாக. 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணை எந்த மொழியும் மறுபடி நடிக்கக் கூப்பிடவில்லை என்று கசப்பாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சாவித்திரியும் விடாப்பிடியாகப் பின்தொடர்ந்து வாதாடுகிறவள்தானே என்று இன்னொரு மனம் சொல்கிறது. எமனின் வாசலிலும் யாராவது உட்கார வேண்டியிருக்கிறது.

பிறகு வந்த படங்களை விரைவாகக் கடந்துவிடலாம். லாகூரில் 'ஜமீன்தார்' (1942), அடுத்த ஆண்டு நூர்ஜஹானோடு 'துஹாய்'. 1946இல் 'சுபத்ரா'வில் அவரோடு சேர்ந்து பாடிய இளம்பெண் லதா மங்கேஷ்கர். அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்பது துறையின் வழக்கமாகிவிட்டது. பாடிக்கொண்டே நடிக்கும் உடல் ஸ்டுடியோக்களுக்குத் தேவைப்படவில்லை. ஐம்பதுகளில் புராணப் படங்கள், சிறிய வேடங்கள். 1964 பிப்ரவரியில் பம்பாயில் இறந்தபோது அவர் ஐம்பதைத் தொட்டிருக்கவில்லை.

பிரபாத் ஸ்டுடியோ இருந்த அந்த வளாகத்தில் 1960 முதல் திரைப்படக் கல்லூரி நடக்கிறது. 2015இல் நூறு நாட்களுக்கு மேல் அதன் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அங்கேதான். அன்று மாணவர்களின் போராட்ட மரபு பற்றி நிறைய எழுதப்பட்டது. நான் வாசித்த கட்டுரைகளில் தேடிப் பார்த்தேன். அந்த வாசலில் முதலில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் அவற்றில் வரவில்லை.