ஜப்பானியப் பக்கங்களில் ஓர் உலா

இணையதள மொழிபெயர்ப்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க, ஓர் எழுத்துகூடத் தெரியாத மொழியில் மேய வேண்டும். என் தேர்வு ஜப்பானியம். மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தட்டியதும் பக்கம் தலைப்பிலிருந்து வரிவரியாகத் தமிழாகும். வேகமாகக் கீழே உருட்டினால், மாறாத பத்தி ஒரு கணம் ஜப்பானியமாகவே நின்று, பிறகு சட்டென்று தமிழாகும். அந்தக் கணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குறைகளும் ரசனைக்குரியவைதான். படத்துக்குள் பதித்த விளம்பர வாசகம் அசையவே அசையாது. இரண்டெழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் மூன்று வரியாக மடங்கி வழியும். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ‘ரெய்வா 6’ என்று வந்தால் அது 2024 என்று நாமே கணக்குப் போட வேண்டும். சமையல் குறிப்பில் இன்னும் உஷார்: அங்கே ஒரு கப் 200 மி.லி., அரிசி அளக்கும் கப்போ 180 மி.லி. மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் சாதம் குழையலாம்!

உண்மையான சோதனை கதைகளில். ஜப்பானிய வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. எழுவாயும் அடிக்கடி காணாமல் போகும். தமிழிலோ வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று முடித்தாக வேண்டும். இயந்திரம் ஊகிக்கிறது, தாத்தாவைத் திடீரென்று ‘அவள்’ ஆக்கிவிடுகிறது.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011இல். அதன்பின் வந்த முன்னேற்றம் பெரிதுதான்.

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலையையும் முகவரியையும் படத்துக்குள் பூட்டாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள்.