கடைசிச் சொல் வரை காத்திருத்தல்

முல்லைப்பாட்டுக்கு மொத்தம் 103 அடிகள். பத்துப்பாட்டில் இதைவிடச் சிறிய பாட்டு இல்லை. போருக்குப் போன அரசன் திரும்பவில்லை, கார்காலம் வந்துவிட்டது, அரசி காத்திருக்கிறாள். நப்பூதனார் எடுத்துக்கொண்ட கதை இவ்வளவுதான். இந்தச் சிறிய பாட்டின்மேல் இரண்டு பெரிய வாசகர்கள், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில், எதிரெதிரே நின்றார்கள். இலக்கியத்தை எப்படிப் பாடம் சொல்வது என்று யார் கேட்டாலும் நான் அவர்கள் இருவரையும்தான் கைகாட்டுவேன்.

முதலாமவர் இதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர். பழைய உரைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு திண்ணையில் பாடம் நடப்பது என் காதில் விழும். ‘என்னை?’ என்று ஒரு குரல் கேட்கும். ‘எனின்’ என்று எடுத்துக்கொண்டு இன்னொரு குரல் விடை சொல்லும். உரை எழுதியவரை நாம் உரையாசிரியர் என்றே அழைத்தோம். பாட்டை ஆராய்வதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும் நம்மிடம் ஒரே ஆள் செய்த வேலை. முல்லைப்பாட்டின் பாசறைக்குள் போய்ப் பாருங்கள். வடமொழி பேசி யானைக்குக் கவளம் ஊட்டும் பாகர், காவல் நிற்கும் யவனர், வாய் பேசாமல் உடம்பால் பேசும் மிலேச்சர், நீர் ஒழுகும் வட்டிலைப் பார்த்து நாழிகை சொல்லுவோர். அந்தக் கூட்டத்துக்குள் உரையின் துணை இல்லாமல் என்னால் நாலடி எடுத்து வைத்திருக்க முடியாது.

ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டி ஒரு வாக்கியமாக்கிப் பொருள் சொல்வார். தொல்காப்பியம் செய்யுளியலில் சொல்லும் ‘மாட்டு’ அவருக்குத் துணை. இலக்கணப்படி அதில் குறை சொல்ல முடியாது.

குறை சொன்னவர் வேதாசலம் என்ற தமிழாசிரியர், பின்னாளில் மறைமலையடிகள். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்தவர், 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். பாட்டு எந்த ஒழுங்கில் ஓடுகிறதோ அந்த ஒழுங்கிலேயே பொருள் கொள்ள வேண்டும், சொல்லைப் பிரித்து இடம் மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தது 1889இல்தான். உரை அச்சேறிப் பதினாலே ஆண்டுகளில், வகுப்பில் நின்று பாடம் சொல்லும் ஒருவர் அதை எதிர்த்து எழுதியிருக்கிறார். அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

மறைமலையடிகள் சொன்ன வழியில் பாட்டின் முடிவை வாசித்துப் பார்க்கிறேன். எழுநிலை மாடம். பாவை ஏந்திய விளக்கு எரிகிறது. கழலும் வளையைத் திருத்திக்கொண்டு, அம்பு பட்ட மயில்போல் நடுங்கி, அரசி படுத்திருக்கிறாள். கூரை மூட்டுகளிலிருந்து மழைநீர் அருவியாய்க் கொட்டுகிறது. அந்தப் பல வகை ஒலியில் அவள் செவி தோய்ந்திருக்கிறது. அப்போது 89ஆம் அடியில் அந்தச் செவி நிறைய வேறொன்று ஒலிக்கிறது. எது ஒலித்தது? வினை வந்துவிட்டது, எழுவாய் வரவில்லை. வெற்றிக் கொடி உயர்கிறது. கொம்பும் சங்கும் முழங்குகின்றன. காயா மைபோல் பூக்கிறது, கொன்றை பொன் சொரிகிறது, காந்தள் உள்ளங்கையாய் விரிகிறது, தோன்றி குருதியாய் மலர்கிறது. செம்மண் பெருவழி நீள்கிறது; வரகுக் கொல்லையில் இரலையோடு பிணை துள்ளுகிறது; காடு பின்னே போகிறது. இத்தனையும் கடந்த பிறகு 103ஆம் அடியில், பாட்டின் கடைசிச் சொல்லாக, குதிரை வருகிறது. தேர் பூட்டிய குதிரைகள்தாம் ஒலித்தவை.

‘குதிரைகளின் ஒலி தலைவியின் செவியை நிறைத்தது’ என்று தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பொருளில் பிழை இல்லை. ஆனால் அவள் காத்திருந்ததைப்போல நம்மையும் பதினாலு அடி காக்க வைத்த கலை அந்த வாக்கியத்தில் இல்லை. ஒலி முதலில் வரும், வந்தது யார் என்பது பிறகே தெரியும். காத்துப் படுத்திருப்பவரின் காது அப்படித்தான் கேட்கும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நப்பூதனார் அந்த இருத்தலைத் தொடர் அமைப்பிலேயே வைத்துவிட்டார்.

என் தீர்ப்பு அடிகளின் பக்கம். ஆனாலும் நச்சினார்க்கினியரை வகுப்புக்கு வெளியே நிறுத்த ஒப்பமாட்டேன். தோன்றி எந்தப் பூ, இரலை எந்த மான் என்று தெரியாதவனுக்கு அந்தப் பதினாலு அடி வெறும் ஓசை. நான் அஞ்சுவது மூன்றாவது ஆளை. கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் நோட்ஸ் புத்தகம் ‘ஆசிரியர் நயம்பட உரைக்கிறார்’ என்று முடிவை மட்டும் கையில் கொடுக்கிறது. இரண்டு உரைகள் முரண்படும்போது பிள்ளைகள் மூலத்தைத் தேடிப் போயே ஆக வேண்டும். நயத்தை ஒரே வரியில் கொடுத்துவிட்டால் மூலம் எதற்கு?

ஒரு வகுப்பில் முடிவுப் பகுதியை வாய்விட்டு வாசித்து, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினேன். வகுப்பு ஓய்ந்திருந்தது. சொல்லைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, குதிரைன்னு நமக்குத்தானே பாட்டு சொல்லுது? அவளுக்கு அது தெரிஞ்சுதா? மழைச் சத்தம்னே நினைச்சுக்கிட்டு இருந்திருப்பாளோ?”

மூடி வைத்திருந்த புத்தகத்தை மறுபடி திறந்தேன். கூரையிலிருந்து நீர் கொட்டும் அடியிலிருந்து எல்லாரும் சேர்ந்து மறுபடி வாசித்தோம்.