யாரிடம் கேட்கிறது இந்த நாடகம்?

ஜனவரி பிறந்தால் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தொண்டை கட்டிய பிள்ளைகளை எங்கும் பார்க்கலாம். கல்லூரி விழாக்களின் பருவம் அது. ஒரே நிறத்தில் குர்தா, இடுப்பில் இறுக்கிய துப்பட்டா, ஓரமாக ஒரு டோலக்கும் டஃப்லியும். பதினைந்து இருபது பேர் வட்டம் கட்டி, நாடகம் பார்க்க வாருங்கள் என்று கூவுகிறார்கள். அடுத்த இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேடை, மைக், விளக்கு எதுவும் கிடையாது. நான்கு பேர் குனிந்தால் பஸ், இருவர் கை கோத்தால் கதவு, ஆறு பேர் தோள்மேல் ஏறினால் நீதிமன்றம். ராம்ஜஸ், கிரோரி மல், ஹன்ஸ்ராஜ் போன்ற கல்லூரிகளின் குழுக்களுக்கு இதில் தனிப் பெயர் உண்டு. மும்பை ஐஐடியின் மூட் இண்டிகோ, பிலானி பிட்ஸின் ஒயாசிஸ் போன்ற விழாக்களில் வீதி நாடகத்துக்கென்றே போட்டி நடக்கிறது. எடுத்துக்கொள்ளும் விஷயங்களும் கனமானவை: பாலியல் வன்முறை, சாதி, விவசாயிகள் தற்கொலை, மனநலம், பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகும் தொழிலாளர்.

இளைஞர்களின் சமூக அக்கறை என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது சுலபம். நாளிதழ்களின் கல்லூரிப் பக்கங்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் இவர்கள் தங்களை ஒரு மரபின் வாரிசுகளாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏப்ரல் 12, நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் பிறந்தநாள், வீதி நாடக தினமாகக் கொண்டாடப்படுகிறது. மரபைச் சொந்தம் கொண்டாடுகிறவர்களை அந்த மரபின் அளவுகோலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அந்த மரபும் மாணவர்களிடம் தொடங்கியதுதான். சஃப்தர் இருந்த ஜன நாட்டிய மஞ்ச் என்ற நாடகக் குழு 1973இல் உருவானபோது அதில் இருந்தவர்களில் பலர் டெல்லிக் கல்லூரிப் பிள்ளைகள். சஃப்தர், செயின்ட் ஸ்டீபன்ஸில் ஆங்கில இலக்கியம் படித்தவர். முதலில் அவர்கள் போட்டது பெரிய மேடை நாடகங்கள். நெருக்கடி நிலை முடிந்த பிறகு, செலவு செய்து நாடகம் நடத்தும் நிலையில் தொழிற்சங்கங்கள் இல்லை. சரி, பணமில்லாமல் போடக்கூடிய சின்ன நாடகமாகப் போடுவோம் என்று இறங்கினார்கள். 1978இல் வந்தது ‘மெஷின்’. காசியாபாத் பக்கம் ஓர் ஆலை. தொழிலாளர் கேட்டது சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர் குடிக்க ஒரு கேன்டீனும். கிடைத்தது துப்பாக்கிச் சூடு. அந்தச் சம்பவத்திலிருந்து பிறந்த நாடகம், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

‘மெஷின்’ நாடகத்தில் நடிகர்கள் தங்கள் உடம்பாலேயே ஓர் இயந்திரம் ஆகிறார்கள். சத்தமும் அவர்களே. திடீரென்று இயந்திரம் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று பார்த்தால், தொழிலாளி, முதலாளி, காவலாளி எல்லோரும் அதன் பாகங்களாக இருந்தவர்கள் என்பது தெரிகிறது. உடம்பால் உருவம் கட்டுவது அங்கே அலங்காரமாக வரவில்லை. ஆலை எப்படி ஓடுகிறது, யார் விலகினால் நிற்கும் என்ற வாதமே அந்த உருவம்தான். வசனத்தை எடுத்துவிட்டாலும் வாதம் மிஞ்சும்.

இன்றைய கல்லூரி நாடகம் அந்த உத்தியை வாங்கிக்கொண்டு, அதை ஓட்டிய காரணத்தை விட்டுவிட்டது. உருவம் கட்டும் திறமையில் இன்றைய பிள்ளைகள் அன்றைய குழுவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் விடியற்காலைப் பயிற்சி, வருகைப் பதிவு குறைந்து முதல்வர் அறை வாசலில் நிற்பது வரை அதற்காகப் படுகிறார்கள். இருந்தும், மூன்று அடுக்கில் நிற்கும் அந்தக் கோபுரம் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. கைதட்டல் வாங்குகிறது, அடுத்த காட்சிக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். கடைசியில் டோலக் நிற்கும். ஒரு பெண் நடுவில் வந்து தணிந்த குரலில் தனக்கு நேர்ந்ததைச் சொல்வாள். சுற்றி நிற்கும் அனைவரும் பார்வையாளர்களை நோக்கி விரல் நீட்டுவார்கள்: குற்றவாளி நீதான், நாம்தான், இந்தச் சமூகம்தான். போட்டிக்குப் போட்டி இந்த முடிவு அப்படியே வருகிறது. முதல் முறை பார்க்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும். மூன்றாவது முறை, விரல் எப்போது நீளும் என்று நமக்கே தெரிந்துவிடும்.

என் முதன்மையான குறை அந்த விரலின் மேல்தான். எல்லோரையும் சுட்டுகிற விரலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

1979இல் டெல்லிப் போக்குவரத்துக் கழகம் பஸ் கட்டணத்தை உயர்த்தியபோது ஜன நாட்டிய மஞ்ச் சுடச்சுட ஒரு நாடகம் எழுதி பஸ் நிறுத்தங்களில் போட்டது. பார்த்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், அந்தக் கட்டணத்தை மறுநாளும் கொடுக்க வேண்டியவர்கள். நாடகம் குற்றம் சாட்டிய நிர்வாகத்துக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. கலையாகப் பார்த்தால் பெரிய நாடகமில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

இன்றைய சாக்கடை மரண நாடகத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழிக்குள் இறங்குகிறவரின் மூச்சுத் திணறல் காட்டப்படுகிறது, மனைவி அழுகிறாள், நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம் என்று நமக்குச் சூடு வைக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம் என்பதோ, அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதோ, 2023இல் அது 30 லட்சமாக உயர்ந்ததோ பெரும்பாலும் வருவதில்லை. ஒப்பந்ததாரர் வருவதில்லை. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட மாநகராட்சிப் பொறியாளர் வருவதில்லை. இந்தத் தகவல்கள் ஒரு காட்சியாக வந்திருந்தால், கூட்டத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி நின்றிருந்தால், அவர் எதையாவது எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். கண்ணீர் அவருக்குப் புதிதில்லை.

அதற்காக, பார்வையாளரைச் சுட்டுவதே தவறு என்று தீர்ப்பெழுத முடியாது. அரவிந்த் கௌரின் அஸ்மிதா குழு பாலியல் சீண்டலைப் பற்றி ‘தஸ்தக்’ நாடகத்தைத் தெருத்தெருவாகப் போட்டது. 2012 டிசம்பர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகான டெல்லியில் அது மறுபடி மறுபடி நடந்தது. நடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வயதினர். அங்கே விரல் நீளும்போது குறி தப்புவதில்லை. பஸ்ஸில் உரசுகிறவனும் அதைப் பார்த்தும் பாராமல் நிற்கிறவனும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். செய்தவன் எதிரிலேயே நிற்கும் விஷயத்துக்கு இந்த வடிவம் பொருந்துகிறது. செய்தவன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் விஷயத்துக்கும் அதே வடிவத்தைப் போர்த்தினால், பாதிக்கப்பட்டவனும் வேடிக்கை பார்த்தவனும் சேர்ந்து குற்றவாளிக்குப் பதிலாகத் தாங்கள் வருத்தப்படுவதில் போய் முடியும். இந்த வேறுபாட்டைக் கல்லூரிக் குழுக்கள் யோசிப்பதே இல்லை. விஷயம் மாறுகிறது, அச்சு மாறுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தொழிற்சங்கத்தின் பின்பலம் இருந்த ஒரு குழுவோடு ஒப்பிடலாமா? நாடகம் முடிந்த பிறகும் அந்தப் பேச்சை எடுத்துச் செல்ல அங்கே சங்கம் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. 1989 ஜனவரி 1 அன்று சாஹிபாபாத் அருகே ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகத்தின் நடுவே ஜன நாட்டிய மஞ்ச் குழு தாக்கப்பட்டது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார், மறுநாள் சஃப்தர் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய் நாடகத்தை முடித்தார்கள். எந்தக் கல்லூரி மாணவரிடமும் இதை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது தியாகத்தை அல்ல, வேலையை: விஷயத்தைத் துருவிப் படிக்கும் வேலை, நாடகம் எங்கே யார்முன் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நாடகம் பார்த்தவர் மாறுகிறாரோ இல்லையோ, நடித்தவர் மாறுகிறார். சத்தம் போட்டுச் சிரிக்காதே என்று வளர்க்கப்பட்ட பெண், சந்தை நடுவில் வயிற்றிலிருந்து குரலெடுத்து நூறு பேரைத் தன் பக்கம் திருப்புகிறாள். முன்பின் யோசித்திராத சாதியைப் பற்றிப் பிரதி எழுத உட்காரும்போது, தன் வீட்டுச் சமையலறையில் தனி டம்ளர் ஏன் இருக்கிறது என்று ஒருவனுக்கு உறைக்கிறது. இது பெரிய லாபம், இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது கல்வியின் லாபம். தெருவுக்குச் செய்த தொண்டாக அதைக் கணக்கெழுதக் கூடாது. தெரு இங்கே பயிற்சிக்கூடமாக இருந்திருக்கிறது. பல நேரம் அதுவும் இல்லை, ஒரு கல்லூரியின் புல்வெளியில் இன்னொரு கல்லூரிப் பிள்ளைகள்தான் பார்வையாளர்கள்.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. 1980இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையிலிருந்து இங்கே ஒரு தலைமுறையே தெருவுக்கு வந்தது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு எண்பதுகளிலிருந்து இயங்குகிறது. 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்காடி, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் அவமானம் அப்படித்தான் ஒழிந்தது. ஆனால் நம் கல்லூரிகளில் வீதி நாடகம் என்றால் பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஒரு மாலை நிகழ்ச்சி. டெங்கு, வாக்களிப்பு, தலைக்கவசம். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் சிக்னலில் எமன் வேடம் போட்டு, ஹெல்மெட் இல்லாதவரைப் பாசக்கயிற்றோடு துரத்துவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த எமன் சாலையில் கிடக்கும் பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூடவே போக்குவரத்துக் காவலர் நிற்கும்போது எப்படிக் கேட்பான்? இதை வீதி நாடகம் என்பதைவிட நடமாடும் அறிவிப்புப் பலகை என்பது பொருத்தம். அறிவிப்புப் பலகையும் தேவைதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், முடியும் என்பதற்கு மேற்கு வங்கத்தில் சான்று இருக்கிறது. 1985இல் சுந்தரவனப் பகுதியில் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சமஸ்கிருதி குழு, பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் முறையைக் கையாள்கிறது. கொடுமை நடக்கும் கட்டத்தில் நாடகம் நிறுத்தப்படும். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, கொடுமைப்படும் மருமகளின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்ப்பாள். மாமியாராக நடிப்பவர் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார். வழி உண்மையில் செல்லுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே ஊர்களுக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அந்தக் கிராமங்களில் மனைவியை அடிப்பது குறைந்திருப்பதாக உலக வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று சொல்கிறது. இந்த முறையில் தோள்மேல் தோள் ஏறும் சாகசம் எதுவும் இல்லை. போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு. நடிப்புப் பயிற்சியாக, கூட்டு வேலையாக, கூச்சம் போக்கும் பள்ளியாக, கல்லூரி வீதி நாடகம் இந்தியக் கல்லூரி வாழ்க்கையில் நடக்கும் நல்ல காரியங்களில் ஒன்று. உடல்மொழியில் தேர்ச்சி, பிரதியில் வறட்சி. பாலியல் சீண்டல் போலப் பார்வையாளரே சம்பந்தப்பட்ட விஷயங்களில் அது சமூகத் தலையீடாகவும் தேறுகிறது. மற்றபடி, சாக்கடையும் சாதியும் விவசாயமும் அதன் கையில் கோப்பைக்கான கச்சாப் பொருளாகத்தான் இருக்கின்றன. இதற்குப் பிள்ளைகளைவிடப் போட்டி விதிகளே காரணம். உருவத்துக்கும் குரலுக்கும் ஒத்திசைவுக்கும் மதிப்பெண் உண்டு. விஷயத்தை எவ்வளவு படித்தார்கள், அது நேர்ந்த இடத்தில் ஒரு தடவையாவது போட்டார்களா என்பதற்கு மதிப்பெண் இல்லை.

பெரிய ஊர்வலங்கள் எதுவும் வேண்டாம். கையெட்டும் தூரத்திலேயே தொடங்கலாம். 2015ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். அதே ஆண்டில்தான் பெண்கள் விடுதியின் மாலைக் கதவடைப்பை எதிர்த்து டெல்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் எழுந்தது. பெண் விடுதலை நாடகத்துக்கு முதல் பரிசு வாங்கிய குழு, அந்த நாடகத்தை அடுத்த வாரம் தன் முதல்வர் அறைக்கு எதிரே போடட்டும். நம் கல்லூரியில் உள்ளகக் குழு இருக்கிறதா, அதில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று ஒரு காட்சியில் கேட்கட்டும். மதிப்பெண் போட அங்கே நடுவர் யாரும் இருக்க மாட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் இருப்பார்.