ஒலி அறுந்த இடத்தில்

பழைய மலிவான பேய்ப்படங்களை இப்போது பெரும்பாலும் சிரிப்பதற்காகத்தான் பார்க்கிறோம். அட்டைக் கல்லறை ஆடுகிறது, பேயின் ஒப்பனை உதிர்கிறது. எவ்வளவு மோசமோ அவ்வளவு ஜோர் என்று கொண்டாடுகிறோம். இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. காரணம், 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'.

இயக்குநர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துவந்தவர். முப்பதாயிரம் டாலர் சொச்சத்தில் அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் இது. பாலத்திலிருந்து ஒரு கார் ஆற்றில் விழுகிறது. மணிக்கணக்காகத் தேடியபின், மேரி என்ற பெண் மட்டும் சேறு படிந்த உடையோடு கரையேறுகிறாள். யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். வெளிறிய முகத்தோடு ஒருவன் பின்தொடர்கிறான். அந்தப் பேயும் ஹார்விதான். ஆள் வைக்கக் காசு ஏது?

குறைகள் நிறைய. உதடும் குரலும் பல இடங்களில் பொருந்தவில்லை. துணைநடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். மருத்துவர் மேரியின் மனத்தை விளக்கும் காட்சி, ஹார்வியின் கல்விப் படம் ஒன்று வழிதவறி வந்ததுபோல் இருக்கிறது.

ஆனால் துணிக்கடைக் காட்சியைப் பாருங்கள். திரை நீர்போல் நெளிகிறது, சத்தம் நின்றுவிடுகிறது. மேரி பேசுவது விற்பனைப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. தெருவிலும் யாருக்கும் அவள் தெரியவில்லை. பூங்காவில் பறவைகளின் குரல் கேட்ட பிறகே உலகம் திரும்புகிறது. இதற்குச் செலவே இல்லை, ஒலியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். குரல் உதட்டை விட்டு ஏற்கெனவே பாதி விலகியிருந்த படம் என்பதால் முழுதாக விலகும்போது நாம் நம்பிவிடுகிறோம். குறையே அச்சத்துக்கு வழி போட்டிருக்கிறது. புது நாட்டில் கடை முகப்பில் நின்று, சொன்னது எதிரிலிருப்பவர் காதில் விழாமல் தவித்த நம்மில் பலருக்கு இந்தக் காட்சி வெறும் பேய்க்கதை அல்ல.

இறந்தவர்கள் நடனமாடும் சால்ட்டேர் மண்டபமும் அப்படித்தான். உப்பு ஏரிக்கரையில் உண்மையிலேயே கைவிடப்பட்டுக் கிடந்த கேளிக்கைக்கூடம் அது. அந்த வெறுமையை எந்த ஸ்டூடியோவும் கட்டித் தந்திருக்க முடியாது.

அதற்காக எல்லாக் குறையையும் அழகென்று சொல்லமாட்டேன். குரல் விலகுவது காசில்லாததால் வந்தது; அதைப் படம் தனதாக்கிக்கொண்டது. மருத்துவரின் விளக்கமோ பார்வையாளர்மேல் நம்பிக்கையில்லாததால் வந்தது. அது கடைசிவரை குறையாகவே நிற்கிறது.

உரிய பதிப்புரிமைக் குறிப்பு இல்லாததால் அமெரிக்காவில் இது பொதுவுடைமை. மங்கலான பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. சீரமைத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், துணிக்கடை வரைக்குமாவது பொறுத்திருங்கள்.